சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: மலையில் வைத்தியம் பார்க்க வரும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பு முடித்து நீலகிரிக்கு முதல் வேலையாக வரும் டாக்டர்களைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில், அதே நம்பிக்கையோடு செய்கிறார்கள். கை கழுவாதது, காலாவதித் தேதி பார்க்காதது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல சிஸ்டர்கள் இருக்கிறார்கள், என்னைவிடக் கடுமையாகவே சொல்வார்கள். சமவெளியில் கற்றதை அப்படியே மலையில் பொருத்திப் பார்ப்பதால் வரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். டாக்டர் அல்லாதவர்களும் படிக்கலாம். இதில் பாதி, நோயாளி கேட்டு வாங்கிக்கொள்கிற தவறு.

காய்ச்சல்காரரின் தோலைப் பார்க்காமல் மருந்து எழுதுவது

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. ஆறு நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. முதல் நாள் மருந்துக் கடையில் மாத்திரை. மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி. நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் 'டைபாய்டு' என்று வந்து, செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் தட்டணுக்கள் குறைந்திருந்ததால் 'இல்லை, டெங்கு' என்று மாற்றினார்கள். வீட்டில் பப்பாளி இலைச்சாறும் ஓடியது. எங்களிடம் வரும்போது மூச்சு வாங்கியது, கண் லேசாக மஞ்சள்.

அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் சிஸ்டர் உடையைத் தளர்த்திப் பார்த்தார். மழைக்காக இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் தாளின் கயிறு அழுத்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலியில்லை, அரிப்பில்லை. "இதுவா? ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் டாக்டரம்மா, ஒரு வாரமா இருக்கு" என்றார். ஆறு நாளில் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அங்கே பார்க்கவில்லை.

அது ஸ்க்ரப் டைபஸ், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. எலி நடமாடும் புதர், தேயிலைத் தோட்டத்தின் ஓரம், விறகு பொறுக்கும் காடு, வீட்டுக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட புல், எல்லாம் அதன் இடம்தான். தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கூடுதல். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது மருந்து விஷயம். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். ஒரு மாத்திரைக்கு ஒரு டீயின் விலைகூட ஆகாது. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்குவதே 'நோய் அதுதான்' என்பதற்கு ஒரு சாட்சி. ஆனால் விலை அதிகமான ஊசிதான் வலிமையான ஊசி என்ற நம்பிக்கை டாக்டருக்கும் இருக்கிறது, நோயாளிக்கும் இருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நம் செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் கிருமி அது. நீங்கள் நாளுக்கு இரண்டு முறை ஊசி போடப் போட, அது நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம் அந்த 'டைபாய்டு'. ரத்தத்தில் டைபாய்டு எதிர்ப்பணுவைத் தேடும் விடால் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்து டைபாய்டு என்று எழுதுவதை நிறுத்துங்கள். பழைய தொற்று, முன்பு போட்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல், எதற்கு வேண்டுமானாலும் அது பாசிட்டிவ் காட்டும். டைபாய்டு என்று சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள். தட்டணுவும் அப்படித்தான். ஸ்க்ரப் டைபஸிலும் குறையும், டெங்குவிலும் குறையும், லெப்டோ என்கிற எலிக்காய்ச்சலிலும் குறையும். வெறும் எண்ணை வைத்து நோயின் பெயரை முடிவு செய்ய முடியாது.

"பரிசோதனை நெகட்டிவ் வந்துவிட்டது" என்று ஒரு ஜூனியர் சொன்னார். ஸ்க்ரப் டைபஸுக்கான எதிர்ப்பணுச் சோதனையான ஐஜிஎம் எலைசா முதல் வாரத்தில் நெகட்டிவாகவே இருக்கலாம், எதிர்ப்பணு உருவாக நாளாகும். காகிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மலையில் ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல், தலைவலி, காரணம் தெரியவில்லை என்றால், டாக்ஸிசைக்ளினைத் தொடங்கிவிட்டுப் பரிசோதனையை அனுப்புங்கள். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். எட்டு வயதுக்குக் கீழே பல் மஞ்சளாகும் என்று பயந்து டாக்ஸியைத் தவிர்க்கிறார்கள். இந்தக் குறுகிய கால அளவில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. நோய் முற்றி மூச்சு, ரத்த அழுத்தம் என்று போய்விட்டால், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது ஒற்றை மருந்தைவிட நல்லது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கோயம்புத்தூருக்கு அனுப்புகிறீர்களா? சரி. முதல் டோஸைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். மலை இறங்கும் நேரமும் மருந்துக்கான நேரம்தான்.

எங்கே பார்ப்பது என்று கேட்பார்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, மார்பகத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். பெண் நோயாளி என்றால் சிஸ்டரை வைத்துக்கொள்ளுங்கள், ஏன் பார்க்கிறோம் என்று முதலில் சொல்லுங்கள். வெட்கப்படுகிறவர்கூட, "புதர்ப் பூச்சி கடிச்ச தழும்பு இருந்தா காய்ச்சலோட பெயர் தெரிஞ்சிடும்மா" என்றால் காட்டிவிடுவார். பொருக்கு கிடைக்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று எழுதாதீர்கள், பலருக்கு அது இருக்கவே இருக்காது.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு: வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுங்கள், துணியைப் புதர் மேலும் புல் மேலும் உலர்த்தாதீர்கள். டாக்டரிடம் "ஊசி போடுங்க" என்று அடம்பிடித்து நிற்காதீர்கள்.

மூடிய அறையில் கரி அடுப்பு

டிசம்பரில் காட்டேஜுக்குள் கரி மூட்டிக் குளிர் காய்ந்து, ஜன்னலை இறுக்கிச் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். காலையில் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, வாந்தி. இதை 'நேற்று ஹோட்டலில் சாப்பிட்டது' என்று எழுதி வாந்தி மாத்திரை கொடுத்து அதே அறைக்கு அனுப்புவார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் 98 காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஒட்டிய ரத்தத்தையும் அது பிரித்து அறியாது. சந்தேகம் வந்ததும் முகமூடியில் முழு ஆக்ஸிஜன். சாதாரணக் காற்றில் அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்ஸிஜனில் சுமார் ஒன்றரை மணிக்குள். அறையில் படுத்திருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

"உயரம்தான் சார்"

ஊட்டி 2,240 மீட்டர். மலை நோய் பொதுவாக 2,500க்கு மேலேதான். சுற்றுலா வந்த ஐம்பது வயதுக்காரருக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்தால், உயரத்தின் மேல் பழி போடாமல் ஈசிஜி எடுங்கள்.

மூட்டுவலி என்று வருகிற ஆதிவாசிப் பிள்ளை

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களிலிருந்து இப்படி வருவார்கள். குளிர் அதிகமான வாரத்தில் கை, கால், முதுகு தாங்க முடியாத வலி. 'வாதம்' என்று எழுதி ஒரு வலி ஊசி, கொஞ்சம் வெளிறியிருந்தால் கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) என்ற எண்ணமே வராது.

இது புது விஷயம் அல்ல. இந்தியாவில் அரிவாள் செல் இருப்பது முதன்முதலில் பதிவானதே 1952இல், இந்த நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். வந்த இடத்தில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல், மூன்றும் வலி நெருக்கடியைக் கிளப்பும். வெதுவெதுப்பாக வைத்து, நிறைய நீர் கொடுத்து, வலிக்கு முழு அளவில் மருந்து கொடுங்கள். 'நடிக்கிறான், ஊசிக்காக வருகிறான்' என்று வார்டில் யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவரையும், இருவரிடமிருந்தும் பெற்ற நோயாளியையும் ஒன்றாக்கிக் கல்யாணப் பேச்சைக் கெடுத்துவிடாதீர்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை அட்டை கொடுக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நாய்க்கடியில் காப்பித்தூள்

வெறிநாய்க்கடி வைத்தியத்துக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் 1907 முதல் இருக்கிறது. அதே ஊரில் கடிவாயில் காப்பித்தூளும் மஞ்சளும் அப்பிக்கொண்டு வருகிறார்கள். குழாய்த் தண்ணீர், சோப்பு, 15 நிமிடம். அதன் பிறகு தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாட்களில். ரத்தம் வந்த கடி என்றால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்பணு). தையல் போடும் அவசரம் வேண்டாம்.

எந்தப் பாம்பு கடித்தாலும் விஷமுறிவு மருந்து

நம்மிடம் இருக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். தேயிலைச் செடியிலும் சோலையிலும் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது உதவாது, ஒவ்வாமை மட்டும் மிஞ்சலாம். நச்சு ஏறியதற்கான அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் செய்யுங்கள். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் சரியாக உறையாது, அதை நச்சின் அடையாளம் என்று நம்பித்தான் இல்லாத விஷத்துக்குப் பத்துக் குப்பி ஏற்றிவிடுகிறார்கள்.