வீல்சேர் வாங்குறப்ப நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க

பேர்ணாம்பட்டு பக்கம் எங்க ஊரு, மலையேறுனா அந்தாண்ட ஆந்திரா. மாந்தோப்புல மரத்துல இருந்து விழுந்து எங்க நைனாவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே போயிடுச்சு. வீட்டுக்குக் கூட்டினு வர அவசரத்துல கடைக்கு ஓடி, "எல்லாரும் இதுதான் வாங்குறாங்க"ன்னு காட்டுன 18 இஞ்ச் சீட்டு வீல்சேரை அப்படியே தூக்கினு வந்துட்டோம், யாருக்கு வாங்குறோம்னு அளவெடுக்கவே இல்ல. நைனா ஒல்லி ஆளு, இடுப்பு அளவு பதினாலரை இஞ்ச்தான். சேர்ல ஒரு பக்கமா சாஞ்சே உக்காந்திருப்பாரு, சக்கரத்தைத் தள்ள கையை அகட்டி அகட்டி தோள்பட்டை வலி வேற, ரெண்டு மாசத்துல உக்கார்ற எலும்பு கிட்ட புண்ணு வந்துடுச்சு.

அளவெடுக்கறது பெரிய வேலை இல்லீங்க. கட்டியான பெஞ்சுல உக்கார வெச்சு இடுப்புக்கு ரெண்டு பக்கமும் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி நடுவுல டேப் பிடிங்க, சீட்டு அகலம் அதைவிட ஒரு இஞ்ச் கூட இருந்தா போதும். உக்காந்த பிறகு முழங்காலுக்குப் பின்னாடி சீட்டு முனைக்கும் காலுக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். ஃபுட்ரெஸ்ட் மேல ஏறி இருந்தா முட்டி தூக்கி வெயிட்டெல்லாம் உக்கார்ற எலும்பு மேல விழும், ரொம்ப கீழ இருந்தா ஆளு சறுக்கினு வருவாரு. அப்புறம் வாசக்கால், முக்கியமா பாத்ரூம் கதவு. 18 இஞ்ச் சீட்டுன்னா ரெண்டு சக்கரத்தோட சேர்த்து 25 இஞ்சுக்கு கிட்ட வரும், நம்ம ஊரு பாத்ரூம் கதவு ரெண்டு அடி, அதாவது 24 இஞ்ச், எப்படிப் போகும்?

இன்னொண்ணு, ஆஸ்பத்திரில தள்ளினு போற மாதிரி பின்னாடி சின்ன சக்கரம் வெச்ச சேர் விலை கம்மின்னு வாங்கிடறாங்க. கை நல்லா இருக்கற ஆளுக்கு அதை வாங்கிக் குடுத்தா, பக்கத்து ரூமுக்குப் போகக்கூட யாரையாவது கூப்பிடணும். அது அவர் கால், நாம தள்ளறதுக்கு சுலபமா இருக்கான்னு பாத்து வாங்கக்கூடாது.

குஷன் விஷயத்துலதான் ரொம்ப பேரு ஏமாந்துடறாங்க. மடக்கற சேர்ல ரெக்ஸின் சீட்டு கொஞ்ச நாள்ல தூளி மாதிரி தொங்கிடும், அது மேல குஷன் கட்டாயம் வேணும். நடுவுல ஓட்டை இருக்கற வளையம் மாதிரி குஷன் வேணாம், ஓட்டையைச் சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அவரு உக்காந்திருக்கறப்ப குஷனுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, எலும்பு நேரா கையில இடிச்சா ஃபோம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். நல்ல குஷன் இருந்தாலும் அரை மணிக்கு ஒருக்கா முன்னாடி குனிஞ்சோ பக்கவாட்டுல சாஞ்சோ ஒரு ரெண்டு நிமிஷம் வெயிட்டை எடுக்கணும், வலியே தெரியாத உடம்புக்கு நாமதான் ஞாபகப்படுத்தணும். ராத்திரி தோலைப் பாருங்க, நம்ம கருப்புத் தோல்ல சிவப்பு தெரியாது, தொட்டா சூடாவோ கட்டியாவோ இருந்தா அந்த இடம் சரியாகற வரைக்கும் அதுல உக்கார வைக்காதீங்க.

இதெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது வேலூர் பாகாயத்துல இருக்கற மறுவாழ்வு மையத்துல. 1954ல ஆக்சிடெண்ட்ல கால் செயலிழந்த பிறகும் வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ண டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால 1966ல வந்த இடம் அது. நைனா அவங்க கதையைக் கேட்ட அன்னைக்குத்தான் நிமிர்ந்து உக்காந்தாரு.

எங்க பக்கம் வேலிகாத்தான் முள்ளு ஜாஸ்தி, அதனால ட்யூப் டயர் அடிக்கடி பஞ்சர். பெரிய சக்கரத்துக்கு சைக்கிள் கடையிலயே ட்யூப் கிடைக்கும், டயர்ல எழுதியிருக்கற சைஸைக் காட்டுங்க. காத்து கம்மியா ஓட்டினு இருக்காதீங்க, ஏன்னா பிரேக் அந்த டயரை அழுத்தித்தான் நிக்குது, டயர் தொளதொளன்னா கட்டிலுக்கு மாறற நேரத்துல சேர் நழுவிடும். அந்த பிரேக் நிறுத்தி வைக்கத்தான், சரிவுல வேகம் குறைக்க இல்ல. சரிவுல இறக்கறப்ப பின்பக்கமா இறக்குங்க. படியில தூக்கறப்ப மச்சான் ஆர்ம்ரெஸ்டைப் பிடிச்சாரு, அது கையோட கழண்டு வந்துடுச்சு, நல்ல வேளை நான் பின்னாடி பிடிச்சினு இருந்தேன். ஃபிரேமைத்தான் பிடிக்கணும்.

முன்னாடி சின்ன வீல்ல முடி, நூலு சுத்திக்கும், வாரம் ஒருக்கா கத்திரிச்சு எடுங்க. தேங்காண்ணெய் விடாதீங்க, மண்ணை இழுத்து பேரிங்கைக் கெடுக்கும்.

40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னு சர்டிபிகேட் இருந்தா அரசாங்க கேம்ப்ல வீல்சேர் கேக்கலாம். முதல்ல பதியற கேம்ப் ஒண்ணு, குடுக்கறது வேற ஒரு நாள். பதியற அன்னைக்கே இடுப்பு அளவு எழுதின பேப்பரை நீட்டுங்க, குடுக்கற அன்னைக்குச் சொன்னா வண்டியில என்ன வந்திருக்கோ அதுதான்.

நைனாவுக்கு இப்ப 16 இஞ்ச் சேர். அந்த பழைய 18 இஞ்ச் சேரை பலமநேர்ல இருக்கற அத்தைக்குக் குடுத்துட்டோம், டேப் எடுத்துனு போயி அவங்க இடுப்பையும் பாத்ரூம் கதவையும் அளந்து பாத்துட்டுத்தான்.