தானியங்கி வாயில்களில் சிக்காமல் கடப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைப் பயணிகளுக்கு

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அடிக்கடி போய்வருவோர், குடியேற்றச் சோதனையை இயந்திரமே செய்யும் அயல்நாட்டு வாயில்களைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பாகத் திருச்சி விமான நிலையத்திலிருந்து தொடங்குவது நல்லது. முன்பதிவு செய்தவர்கள் தானியங்கி வாயில் வழியே கடக்க உதவும் ‘விரைவுக் குடியேற்ற நம்பகமான பயணிகள் திட்டம்’ 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம் நிலையங்களுக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அயல்நாட்டுக் குடிமக்களுக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் இதில் கட்டணமின்றிச் சேரலாம்.

உள்துறை அமைச்சகம் இதற்கென நடத்தும் இணையதளத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் ஒளிப்படத்தையும் முகவரிச் சான்றையும் பதிவேற்ற வேண்டும். ஒப்புதல் வந்த பின், விரல் ரேகையும் முகப்பதிவும் கொடுக்க ஒருமுறை நேரில் செல்ல வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து உடற்சோதனை செய்து அனுப்பிய கரை நம்முடையது. அதை எண்ணிப் பார்த்தால் இந்த ஒருநாள் அலைச்சல் பெரிதல்ல. பதிவு ஐந்தாண்டுகளுக்கு அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும் என்பதால், பாஸ்போர்ட் விரைவில் முடியவிருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பித்துக்கொண்டு விண்ணப்பிப்பதே சரி. வலையிழுத்தோ உப்பளத்தில் உழைத்தோ ரேகை தேய்ந்தவர்கள் பதிவின்போதே அதை அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். கல்யாண மருதாணி மங்கிய பிறகு பெண்கள் ரேகை கொடுக்கப் போகலாம்.

வாயில் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில், படத்துக்குக் கீழே, ஒவ்வொன்றும் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைத் திறவுகோலாகக் கொண்டே மின் பாஸ்போர்ட்டின் சிப் திறக்கிறது. பிறகு அதிலுள்ள படத்தோடு கேமரா நம் முகத்தை ஒப்பிடுகிறது. ஆகவே அந்த வரிகளில் ஈரமோ கறையோ படக்கூடாது. உறையைக் கழற்றிவிட்டே பக்கத்தை வைக்க வேண்டும். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துவிட வேண்டும். சிப் இருப்பதைக் காட்டும் சிறிய பொன்னிறச் சின்னம் அட்டையில் இல்லாத பழைய பாஸ்போர்ட்டும் காலாவதி வரை செல்லும். சிப்புக்காக மட்டும் அவசரப்பட்டு மாற்றத் தேவையில்லை.

நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பது பெயர்தான். தகப்பனார் பெயர் ஒரு தாளில் இனிஷியலாகவும் மற்றொன்றில் குடும்பப் பெயராகவும் இருந்தால் இயந்திரம் விளக்கம் கேட்காது, கவுண்டருக்கு அனுப்பிவிடும். விமானச் சீட்டு, விசா, வருகை அட்டை ஆகிய அனைத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும்.

சிங்கப்பூரில் 2024 முதல் அயல்நாட்டுப் பயணிகள் முன்பதிவு இல்லாமலே தானியங்கித் தடங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் விசாவைத் தவிர, வந்திறங்குவதற்கு முன், அந்த நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் மின்வருகை அட்டையையும் நிரப்பியிருக்க வேண்டும். இந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். ஆறு வயது நிரம்பாத பிள்ளையோடு போகிறவர்கள் நேராகக் கவுண்டருக்குச் செல்வதே மேல். துபாயில் குடியிருப்பு விசா உள்ளவர்கள் ஸ்மார்ட் வாயிலில் முகத்தையும் கண்ணையும் காட்டிக் கடக்கலாம். தேய்ந்த ரேகை அங்கே தடையாகாது.

பிரிட்டனின் மின்வாயில்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் திறப்பதில்லை. முன்பே சரிபார்க்கப்பட்டவர்களை விரைவாக உள்ளே விடும் அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி திட்டத்தில் இந்தியர்கள் சேரலாம் என்றாலும், 120 டாலர் கட்டணமும் நேர்காணலும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்பவர்களுக்கு அது வீண்செலவு என்றே தோன்றுகிறது.

வாயிலில் முத்திரை விழாத நாடுகளுக்குச் சென்றால் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். வருமான வரிக்காக இந்தியாவில் தங்கிய நாட்கள் 182-க்கும் குறைவு என்று காட்ட வேண்டிய வளைகுடா ஊழியருக்கு, போனதற்கும் வந்ததற்கும் கையிலிருக்கும் சான்று அதுதான்.