வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் ஏரிக்கரையில் பள்ளி பஸ்கள் வரிசை கட்டும். கூடவே புதிய வழிகாட்டிகளும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்து செய்து கைவிட்ட அதே தவறுகளை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பெட்டி எல்லாம் பள்ளிச் சுற்றறிக்கையிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடலாம்.

பதினொரு மணிக்குக் கரை ஏறுவது

மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. இது ஒன்று மட்டும் மொத்த நாளையும் கெடுத்துவிடும். அப்படியும் வருடா வருடம் நடக்கிறது.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஏழு மணிக்குப் பஸ் என்பார்கள், ஏழே முக்காலுக்குக் கிளம்பும். ஜிஎஸ்டி சாலையில் டிபனுக்கு ஒரு மணி நேரம். கரையில் கால் வைக்கும்போது பதினொன்றைத் தொட்டிருக்கும். அந்த நேரத்தில் பெரிய பறவைகள் பாதி இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போயிருக்கும். இருப்பவையும் அசையாமல் நிற்கும். கூழைக்கடாக்களும் நாரைகளும் வெயில் சூட்டில் மேலெழும் காற்றில் ஏறி, வானத்தில் புள்ளியாக வட்டமடிக்கும். டெலஸ்கோப்பில் 25 மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் கானலில் பறவையே நெளியும். புதியவர் ஃபோகஸ் சரியில்லை என்று திருகிக்கொண்டே இருப்பார். அது கருவியின் குறை அல்ல, திருகித் தீராது. பிள்ளைகள் இருபது நிமிடத்தில் சலித்துப்போய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். "இன்றைக்குப் பறவை கம்மி" என்று ஆசிரியர் முடித்துவிடுவார். கம்மியில்லை. பறவை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறீர்கள்.

நாளையே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். காலையில் வேடந்தாங்கல் வேண்டாம். பக்கத்திலேயே பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கரிக்கிளிக்குப் போங்கள். அது வாத்துகளின் ஏரி. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் திறந்த நீரில் கூட்டமாக ஓய்வெடுக்கும். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் பத்தரை வரை நிதானமாகப் பார்க்கலாம். பிறகு சாப்பாடு, மர நிழலில் வரையும் வேலை. மூன்றரைக்கு வேடந்தாங்கல். மேற்குக் கரையில் நின்றால் அப்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மஞ்சள்மூக்கு நாரையின் வாலருகே உள்ள ரோஜா நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். காலையில் அதே இடத்தில் நின்றால் வெயில் முகத்தில் அடித்து எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

நாலரையிலிருந்து இரை தேடிப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஐந்தரைக்குப் பிறகு தொழிற்சாலை ஷிப்ட் மாறுவதுபோல, அவை வந்து அமர அமர இராக்கொக்குகள் மரத்திலிருந்து வெளியேறும். அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே, ஐந்து மணிக்குள் பிள்ளைகளை ஸ்கூலில் இறக்க வேண்டும் என்று சொல்லிப் பஸ்ஸை எடுத்துவிடுகிறார்கள்! பெற்றோரிடம் முன்கூட்டியே இரவு எட்டரை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சரணாலயம் ஆறு மணிக்கு மூடும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலைத் தவிர்க்கவே முடியாத நிலை என்றால் ஒன்றே ஒன்றைத் தேடிக் காட்டுங்கள்: வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும் நாரை. குஞ்சு பொரித்த பிறகு, பிப்ரவரி வாக்கில், இது கண்ணில் படும்.

மழையைக் கேட்காமல் பஸ் பேசுவது

ஏரி நிரம்புவது வடகிழக்குப் பருவமழையால். மழை பொய்த்தால் கடப்ப மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத மரத்தில் கூடு கட்டப் பறவை யோசிக்கும். முன்பணம் கொடுக்குமுன் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன்.

ஒரு டெலஸ்கோப், நாற்பது பிள்ளைகள்

ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் இருபது நிமிடம். கடைசிப் பையன் வருவதற்குள் பறவை போய்விடும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழு டெலஸ்கோப்பில் இருக்கும்போது மற்ற மூன்றுக்கும் வேறு வேலை கொடுங்கள்: கூடு எண்ணுவது, ஒரே பறவையை ஐந்து நிமிடம் கவனித்து எழுதுவது, பைனாகுலர். டெலஸ்கோப் நிற்கும் முக்காலியைக் குழுவிலேயே குள்ளமான பிள்ளையின் கண் உயரத்துக்கு வையுங்கள், உயரமானவர்கள் குனிந்துகொள்வார்கள். பார்க்கும்போது கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயைப் பிடிப்பார்கள், குறி நகர்ந்துவிடும், அடுத்தவருக்கு வெறும் இலைதான். பைனாகுலர் வாங்குவதானால் 8 மடங்கு போதும். 10 மடங்கு சின்னக் கைகளில் ஆடும். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு, பைனாகுலரில் கண் வைக்கும் இடத்தில் உள்ள கண்வளையத்தை உள்ளே தள்ளிக் கொடுங்கள்.

"அதோ, அந்த மரத்துல!"

எந்த மரத்தில்? எல்லாமே ஒரே மாதிரிப் பச்சை. நடையைத் தொடங்கும்போதே தெளிவாகத் தெரியும் ஒரு மரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதைக் கடிகார முகமாகச் சொல்லுங்கள்: "பெரிய மரம், இரண்டு மணிப் பக்கம், மேல் கிளை."

பெயர்ப் பட்டியல் ஒப்பிப்பது

முப்பது பெயர் சொன்னால் மூன்று தங்காது. அலகைக் காட்டுங்கள், பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். கரண்டிவாயன் அலகைத் தண்ணீரில் இடவலமாக வீசித் துழாவும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்திருக்கும், மீன் பட்டவுடன் மூடிவிடும். பாம்புத்தாரா கூரிய அலகால் மீனைக் குத்தும். நத்தைகுத்தி நாரைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அலகின் நடுவே இடைவெளி இருக்கும் என்று சொல்லிவிட்டு இளம்பறவையைக் காட்டாதீர்கள். அதற்கு இடைவெளி இருக்காது. "எங்க சார் ஓட்டை?" என்று ஏதாவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்.

வரலாற்றை வாசலில் சொல்வது

உள்ளே பறவைச் சத்தம் கேட்கும்போது அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிற்கவைத்தால் யார் கேட்பார்கள்? மதகுப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லுங்கள். எச்சம் கலந்த ஏரி நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு, அது இந்த வயல்களுக்கு உரம். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைச் சுட்ட சிப்பாய்கள்மேல் ஊர் மக்கள் புகார் கொண்டுபோய், செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். வயலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

மெகாபோன்

வேண்டாம். பஸ்ஸிலேயே இருக்கட்டும்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு

எடுக்கவும் கூடாது, எடுக்க விடவும் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள். சுற்றி நின்று போட்டோ எடுப்பதற்குள் மேலே கூட்டிலிருக்கும் தாய் பறந்துவிட்டால், மிச்சமிருக்கும் முட்டைக்குக் காகம் வந்துவிடும்.