நசுக்கிய எழுத்தும் குறுகிய எழுத்தும்: என் அனுபவம்

ஒரு போஸ்டருக்கு நீளமான ஆங்கிலத் தலைப்பு. ஒரே வரியில் அடங்கவில்லை என்று, சாதாரண போல்டு எழுத்துருவையே அகலவாக்கில் 65 சதவீதத்துக்கு நசுக்கிவிட்டேன். வரி அடங்கியது, ஆனால் பார்க்கவே சகிக்கவில்லை. ஏன் என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: எச் எழுத்தின் இரண்டு தூண்களும் மெலிந்துபோயிருந்தன, நடுவில் இருக்கும் குறுக்குக் கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நின்றது. அகலத்தை மட்டும் குறைத்தால் செங்குத்துக் கோடுகள்தானே மெலியும்!

குறுகலாகவே வரையப்பட்ட எழுத்துருவில் இந்தச் சிக்கல் கிடையாது. வடிவமைத்தவரே தூண்களைத் தடிமனாக வைத்து, வளைவுகளின் பக்கங்களை நிமிர்த்தி, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை ஒடுக்கி வரைந்திருப்பார். ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965-இல் வந்த இம்பாக்ட் அப்படிப்பட்டதுதான். நான் எடுத்தது லீக் காதிக்; மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903-இல் வரைந்த ஆல்டர்னேட் காதிக்கின் மறுவடிவம், இலவசமாகவே கிடைக்கிறது. நசுக்காமல், இழுக்காமல் அப்படியே போட்டேன், தலைப்பு கம்பீரமாக உட்கார்ந்தது. எல்லாம் பெரிய எழுத்து, கீழே தொங்கும் வால் எதுவும் இல்லை, அதனால் இரண்டாவது வரியையும் நெருக்கி வைக்க முடிந்தது.

அப்புறம் ஆசையில் கீழே இருந்த சின்ன விவரங்களையும் அதிலேயே போட்டுப் பார்த்தேன், அச்செடுத்தால் ஏ, ஈ, எஸ் எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தன. அதைச் சாதாரண அகல எழுத்துருவுக்கு மாற்றிவிட்டேன். நடுத்தர அளவில் இருந்த துணைத்தலைப்பை மட்டும் விட்டுவைத்து, எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன், சரியாகிவிட்டது.