கண்ணாடி வராண்டாவுக்கு லைட் வைத்த சீலிங் ஃபேன்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் கண்ணாடி அடைத்த வராண்டாவில் ஃபேனுக்கு எமன் உப்புக்காற்றுதான். அழுத்திய மரத்தூள் இறக்கை ஈரத்தில் ஊதி வளைந்துவிடும். பிறகு ஃபேன் ஆடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் இறக்கை, உப்பரிப்பைத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்குங்கள். காசு கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

10-க்கு 12 அடி இடத்துக்கு 1200 மி.மீ. ஃபேன் போதும். இறக்கை தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது.

கண்ணாடியிலோ பாலிகார்பனேட் ஷீட்டிலோ கொக்கி மாட்டவே மாட்டாதீர்கள். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் குழாய் பற்றவைத்து, அதில் தொங்கவிடுங்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால் முதலில் துருவேறுவது அங்கேதான். அந்த இடத்தில் ஜிங்க் (துத்தநாக) பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஃபேன் தொங்கும் ராடின் போல்ட்டில் செருகும் சின்னப் பின்னை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அது அரித்து விழுந்தால் போல்ட் நழுவி ஃபேனே கீழே வரும்.

வேகத்தைத் தன் மின்னணுச் சுற்றாலேயே மாற்றும் பிஎல்டிசி மோட்டார் என்றால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, நேராக சுவிட்சில் கொடுங்கள். லைட்டுக்குத் தனி சுவிட்ச். விளக்கு மூடி பால் நிறத்தில், இடைவெளியில்லாமல் இருக்கட்டும்: கண்ணாடியில் பளிச்சென்று எதிரொளிக்காது, மழைக்கால ஈசலும் உள்ளே போகாது.