வேலைக்கு உத்தரவாதம் இல்லாத நேரத்தில் பணத்தை எங்கே வைப்பது?

முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், இஎம்ஐ, அப்பா அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, ஆறால் பெருக்கினால் தொகை வந்துவிடும். அந்தப் பணம் பங்குச் சந்தைப் பக்கமே போகக் கூடாது. 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. வீட்டுச் செலவுக்காக அந்த நேரத்தில் விற்க வேண்டி வந்தவர்களுக்கு நஷ்டம் நஷ்டம்தான், காத்திருக்க முடிந்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே சந்தை பழைய உச்சத்தைத் தாண்டியதைப் பார்த்தார்கள்.

சரி, எங்கே வைப்பது? கொஞ்சம் சேமிப்புக் கணக்கில், மீதி எஃப்டியில், அதாவது வங்கியின் நிரந்தர வைப்பில். ஒரே எஃப்டியாகப் போடாமல் நாலைந்தாகப் பிரித்தால் தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு, அதைத் தாண்டினால் இன்னொரு வங்கியில் போடுங்கள். சீட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. அலுவலகம் தரும் பாலிசி பெரும்பாலும் வேலையோடு போய்விடும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்த பிறகு எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போடும் முறை, தொடங்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், சந்தை இறங்கிவிட்டதே என்று நிறுத்தாதீர்கள்; சம்பளம் நின்றால் மட்டும் நிறுத்துங்கள்.