இடுப்பில் வைக்கச் சின்ன ரிவோல்வர்: எப்படித் தெரிவு செய்வது?

பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால்தான் மேலே வாசிப்பதில் அர்த்தம்.

.38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கானது, ஐந்து தோட்டா கொள்வது, 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழல். அலுமினியச் சட்டம் என்றால் எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அது போதும். அதைவிட இலேசான, வலுக்கூடிய தோட்டா போடும் மெக்னம் வகை இடுப்புக்குச் சுகம், கைக்குத் தண்டனை. இன்னொரு வில்லங்கமும் உண்டு: பின்னுதையில், சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களின் குண்டு கோதிலிருந்து முன்னே நழுவும். தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. சுடுதளத்தில் நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்துப் புதியதோடு நீளம் பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம்.

ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியல்) உள்ளே மறைந்த வகையே நல்லது; நுவரெலியாக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டரில் சிக்காது. தோலுறை மூடுபனி ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரவில் தோட்டாக்களைக் கழற்றி, துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே பூட்டி வையுங்கள்.